ஜாடிக்குள் ஈரம்: ஐப்பசி பிறக்கும் முன் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். காவிரிப் படுகையில் இருக்கும் எங்கள் வீட்டில் அந்தப் பொன்னுருகும் நாட்களுக்கென்றே ஒரு வேலை உண்டு. கொல்லையில் விளைந்ததைக் கொண்டு கோடையில் போட்ட வற்றல், ஊறுகாய், மூட்டை கட்டிய பயறு எல்லாவற்றையும் பரணிலிருந்து இறக்கி, வேடு அவிழ்த்து, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்போம். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், அடுத்த நல்ல வெயிலுக்குத் தை வரைகூடக் காத்திருக்க நேரும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இந்த மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது.

பல வருடங்களாக ஜாடிகளைத் திறந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மழைக்காலத்தில் கெட்டுப்போகும் பண்டத்தில் முக்கால்வாசி, சித்திரையிலேயே கெட ஆரம்பித்தது. நாமே உள்ளே வைத்து மூடிய ஈரம் ஐந்தாறு மாதம் கழித்து வெளியே தலைகாட்டுகிறது, பழி மழையின் மேல் விழுகிறது. ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் ஈரம் எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். காய்க்குள்ளேயே தங்கிவிட்டதா, கரண்டியோடு போனதா, மூடி வழியாக நுழைந்ததா, சுவரிலிருந்து ஏறியதா?

வற்றல் வளைகிறது, ஒடியவில்லை

சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை, பாகல் எதுவானாலும் சோதனை ஒன்றே. கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும். கொத்தவரையை ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் நமுத்துவிட்டது.

எங்கே நமுத்திருக்கிறது என்று பாருங்கள். மேலே உள்ள ஒரு பிடி மட்டும் நமுத்து, அடியில் மொறமொறப்பாக இருந்தால் மூடிதான் குற்றவாளி. பிளாஸ்டிக் டப்பாக்களில் மூடியின் விளிம்பு வெயில்பட்டுக் கோணிப்போயிருக்கும். டப்பாவை மாற்றுங்கள், வற்றலை ஒரு வெயில் காட்டுங்கள், போதும். அடிப்பகுதி மட்டும் ஈரமாக இருந்தால் டப்பா தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ இருந்திருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

மேலும் கீழும் ஒரே மாதிரி நமுத்திருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. ஒன்று, தோல் காய்ந்து உள்ளே ஈரம் தங்கிய வற்றலைக் காய்ந்துவிட்டது என்று நம்பியிருக்கிறீர்கள். தடிமனாக நறுக்கிய பாகற்காய் இதில் கைதேர்ந்தது. முதல் நாள் சுள்ளென்ற வெயிலில் மேல்புறம் இறுகிவிடும், உள்ளே இருக்கும் நீருக்கு வெளியேற வழி இருக்காது. அல்லது, மாடியிலிருந்து இறக்கிய சூட்டோடு டப்பாவில் கொட்டி மூடியிருக்கிறீர்கள். நான் குடித்தனம் தொடங்கிய முதல் கோடையில் செய்தது இதைத்தான். சூடாக இருந்தால் மொறமொறப்பு போகாது என்று ஒரு கணக்கு. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தில் முத்து முத்தாக நின்ற நீரை விரலால் தொட்டு என் உள்ளங்கையில் வைத்தார். அவ்வளவுதான் பாடம்.

சரிசெய்வதற்கு, பூஞ்சணம் இல்லாதவரை இரண்டு வெயில் காயவிட்டு, நிழலில் முழுக்க ஆறவிட்டு, கண்ணாடிப் போத்தலில் முக்கால் பாகம் மட்டும் நிரப்புங்கள். 5 நாட்கள் அதைக் கண்ணெதிரே வைத்துத் தினமும் ஒருமுறை குலுக்குங்கள். கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல மங்கல் படிந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். படியவில்லை என்றால்தான் பரணுக்கு ஏற்றவேண்டும்.

மோர் மிளகாயின் மேல் வெள்ளை

இதைப் பார்த்தவுடன் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மோரும் உப்பும் உலர்ந்து படிந்த வெள்ளையாகவும் இருக்கலாம், பூஞ்சணமாகவும் இருக்கலாம். விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று உதிர்ந்து, நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தால் அது உப்பு. பஞ்சுபோல எழும்பி நின்று, காம்படியில் அடர்ந்து, மண்வாடை அடித்தால் பூஞ்சணம். அதை நாக்கில் வைக்க வேண்டாம், மூக்கே போதும். ஒன்றிரண்டில் மட்டும் இருந்தால் அவற்றை எறிந்துவிட்டு மற்றதை உடைத்துப் பாருங்கள். உள்ளே விதை உலர்ந்து உதிர வேண்டும். விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கருத்திருந்தால் அந்த டப்பாவே வேண்டாம்.

வேர் பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும். மிளகாயைக் கீறாமலும் ஊசியால் குத்தாமலும் ஊறப்போட்டால், மோர் உள்ளே போவதற்கும் ஈரம் வெளியே வருவதற்கும் வழி இல்லை. அடுத்தது உப்பு. எங்கள் வீட்டுக் கணக்கு, கிலோ மிளகாய்க்குக் கல்லுப்பு 150 கிராமுக்குக் குறையக்கூடாது. பகலில் வெயில், இரவில் மீண்டும் அதே மோர் என்று மோர் முழுக்க இழுத்துக்கொள்ளும் வரை விடவேண்டும். மூன்றாம் நாளே பொறுமை இழந்து மிச்ச மோரைக் கொட்டுகிறவர்களுக்கு உப்பும் அதோடு போய்விடுகிறது.

வறுக்கும்போது கருகுகிறது, ஆனால் உள்ளே சவசவ என்கிறது என்றால் அதுவும் ஈரம்தான். வெயிலில் போட்டு எடுத்துப் பிறகு வறுத்துப் பாருங்கள்.

ஊறுகாய் மேல் ஆடை கட்டியிருக்கிறது

எண்ணெய் இல்லாமல் உப்புநீரில் கிடக்கும் மாவடு, நார்த்தை போன்றவற்றில் மேலே மெல்லிய, வழவழப்பான வெள்ளை ஆடை படிவதுண்டு. காற்றுப் படும் பரப்பில் வளரும் ஒருவகை ஈஸ்ட்தான் அது. அதனால் பெரிய கேடில்லை, ஆனால் புளிப்பைத் தின்றுவிடும். புளிப்பு குறைந்தால் மற்றக் கிருமிகளுக்குக் கதவு திறந்தது மாதிரி. உலர்ந்த கரண்டியால் ஆடையை வழித்தெடுத்து, கொதிக்கவைத்து ஆறவிட்ட கெட்டியான உப்புநீரை ஊற்றி, காய்கள் முழுக்க மூழ்கும்படி ஒரு சிறு பீங்கான் தட்டால் அழுத்தி வையுங்கள்.

ஆடை தட்டையாக இல்லாமல் மயிர்மயிராக நின்றாலோ, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் காட்டினாலோ முழு ஜாடியும் போகவேண்டியதுதான். எண்ணெய் ஊறுகாயில் எந்தப் பூஞ்சணம் வந்தாலும் இதே தீர்ப்பு. மேலே தெரிவது பூ, அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும்.

இங்கே ஒரு எதிர்வாதம் தவறாமல் வரும். பாட்டி காலத்தில் மேலே வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்களே, யாருக்கு என்ன ஆயிற்று? பாட்டி போட்ட உப்பை நாம் போடுவதில்லை. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் வீட்டில் உப்பைப் பாதியாகக் குறைத்தோம், காரத்தைக் குறைத்தோம், நல்லெண்ணெயில் கைவைத்தோம். ஆயுளை மட்டும் பழைய கணக்கிலேயே எதிர்பார்க்கிறோம். எலுமிச்சை எடையில் ஐந்தில் ஒரு பங்கு உப்பு போட்டால் ஜாடி வெளியே நிற்கும். அதற்கும் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்றால் குறைத்துப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் அது ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு மாதத்தில் தீர்க்கவேண்டிய ஊறுகாய். பரணில் ஏற்றும் பண்டமல்ல.

எண்ணெய் எப்போதும் காய்க்கு மேல் அரை அங்குலம் நிற்கட்டும். நாள்பட நாள்பட காய்கள் எண்ணெயைக் குடிக்கும், மட்டம் இறங்கும். புரட்டாசியில் ஜாடியைத் திறப்பதே இதற்குத்தான். நல்லெண்ணெயைப் புகை வருமளவு காய்ச்சி, முழுக்க ஆறவிட்டு ஊற்றுங்கள். காறல் வாடை அடிக்கும் பழைய எண்ணெய் மேல் புது எண்ணெய் ஊற்றினால் காறல் போகாது, பரவும்.

பூண்டு பச்சையாகிவிட்டது

எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறிய பூண்டுப் பற்கள் திடீரென்று மயில்துத்தம்போல நீலப்பச்சையாக மாறுவதுண்டு. பதறவேண்டாம். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு சேர்ந்து தரும் நிறம் அது, சாப்பிடலாம்.

பயப்படவேண்டியது நிறமே மாறாத பூண்டைப் பார்த்து. புளிப்பே சேர்க்காமல் பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைத்தால், காற்றில்லாத அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி நஞ்சைச் சுரக்க முடியும். நரம்புகளை முடக்கும் நஞ்சு. நிறம், மணம், சுவை எதிலும் அடையாளம் காட்டவேண்டிய அவசியம் அதற்கு இல்லை. புளிப்பைக் காட்டும் பி.எச் அளவு (புளிப்பு கூடக் கூட இந்த எண் குறையும்) 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி தலையெடுக்காது. எலுமிச்சைச் சாறு அதற்கு வெகு கீழே இருக்கிறது. பூண்டு ஊறுகாயில் எலுமிச்சையோ புளியோ தாராளமாக விழவேண்டும் என்பது ருசிக்காக மட்டும் சொன்னதில்லை. தக்காளித் தொக்கும் இந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்கும் பண்டம்தான், அதற்கும் புளி வேண்டும். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சீறினாலோ, மாதக்கணக்கில் ஊறிய எந்த ஊறுகாயையும் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

உளுந்தில் ஓட்டை, மூடிய போத்தலில் வண்டு

போத்தலை இறுக்கித்தான் மூடினேன், வண்டு எப்படி நுழைந்தது என்று கேட்காத வீடில்லை. அது நுழையவில்லை, நீங்கள்தான் கூட்டி வந்தீர்கள். பயறு வண்டு வயலிலேயே, கொல்லையிலேயே, முற்றிய நெற்றின் மேல் முட்டையிடும். பயறின் மேல் வெள்ளைப் புள்ளியாக, சுரண்டினால்தான் வரும்படி ஒட்டிக்கொண்டிருப்பது அதன் முட்டை. அதிலிருந்து வரும் புழு நேரே பயறுக்குள் துளைத்துப் போய், உள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமான ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். வந்த வண்டு எதையும் தின்பதில்லை, முட்டை போடுவது ஒன்றே அதன் வேலை. ஆவணியில் நாலு ஓட்டை பார்த்தீர்கள் என்றால் ஐப்பசியில் மாவுதான் இருக்கும்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு கைப்பிடிப் பயறைத் தண்ணீரில் போட்டால் உளுத்தது மிதக்கும். பாதி மிதந்தால் கோழிக்குப் போடுங்கள். கொஞ்சம்தான் மிதக்கிறது என்றால் மீட்கலாம்.

வெயிலில் பரப்பினால் போதும் என்று நினைக்கிறோம். வண்டு பறந்து போகும், பயறுக்குள் இருக்கும் புழு போகாது. கறுப்பு பிளாஸ்டிக் தாளைக் கீழே விரித்து, பயறை ஒரு விரற்கடைக் கனத்துக்குப் பரப்பி, மேலே கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளைப் போட்டு, நாலு ஓரமும் செங்கல் வைத்து மூடுங்கள். உச்சி வெயிலில் உள்ளே சூடு 50 டிகிரியைத் தாண்டி ஏறும், புழு தாங்காது. நன்கு காய்ந்த பயறுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். ஈரப் பயறு அதற்குள் வெந்துபோகும்.

குறைந்த அளவென்றால் ஃபிரிட்ஜின் உறைநிலைப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தெடுக்கலாம். எடுத்தவுடன் திறக்கக் கூடாது. வெளிச்சூட்டுக்கு வரும் வரை பொட்டலம் அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் குளிர்ந்த பயறின் மேல் காற்றின் ஈரம் வியர்த்து நிற்கும், வண்டைக் கொன்று பூஞ்சணத்தை வரவழைத்த கதையாகும்.

பிறகு சலித்து, புடைத்து, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வையுங்கள். எண்ணெய்ப் பூச்சில் முட்டை ஒட்டுவதில்லை, ஒட்டினாலும் மூச்சு முட்டிச் சாகும். சமைக்கும்போது வெந்நீரில் ஒரு அலசு அலசினால் வாடை போய்விடும். உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாகத் தங்காது. அறுவடையான கையோடு துவரைக்குச் செம்மண் கட்டி, காயவைத்து, உடைத்து வைத்த பழைய வழக்கத்தின் பயன் இதுவும்தான். மொச்சை, துவரை என்று வரும் பட்டத்துக்கு விதையாக வைப்பதைச் சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் போட்டுக் கட்டித் தொங்கவிடலாம். கண்ணாடிப் போத்தலில் போட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

தானியம் உண்மையிலேயே காய்ந்ததா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் கால்பங்கு தானியமும் ஒரு தேக்கரண்டி உலர்ந்த தூளுப்பும் போட்டு, நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு போத்தலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் ஈரம் இருக்கிறது. உப்பெல்லாம் அடியில் விழுந்தால் மூட்டை கட்டலாம்.

நிலக்கடலையிலும் மிளகாய் வற்றலிலும் பச்சைத் தூள்

இதில் மீட்பே கிடையாது. மஞ்சள் கலந்த பச்சையாகவோ சாம்பல் பச்சையாகவோ தூள் படிந்த கடலை, உள்ளே கறுத்த மிளகாய் வற்றல் இவற்றில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். ஈரலைக் கெடுப்பது, நாளடைவில் ஈரல் புற்றுநோய்க்கும் காரணமாவது. வறுத்தாலும் வேகவைத்தாலும் போகாது. கசக்கும் கடலையைத் துப்பிவிடுங்கள், விருந்தாளி முன்னால் என்றாலும்.

தப்புக் கணக்கு இரண்டு போடுகிறோம். நாம் தின்னாவிட்டால் மாட்டுக்கு ஆகட்டும் என்பது ஒன்று. மாடு தின்றால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் வந்து நம்மிடமே சேரும். செக்கில் ஆட்டிவிடலாம் என்பது மற்றொன்று. செக்கெண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை, நஞ்சில் ஒரு பங்கு அதில் தங்கும், மீதி பிண்ணாக்கில் இருக்கும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

சின்ன வெங்காயம் முளைக்கிறது, புளி கறுக்கிறது

புளி கறுப்பது நாள்பட்டதன் நிறம், கேடில்லை. கொட்டையும் நாரும் எடுத்து, அடுக்கடுக்காகக் கல்லுப்பு தூவி, மண்பானையிலோ பீங்கானிலோ அழுத்தி வைத்தது வருடங்களைத் தாண்டும். பித்தளையிலும் அலுமினியத்திலும் வைக்காதீர்கள்.

வெங்காயத்தின் தோலுக்குள் கரித்தூள்போலக் கறுப்புத் தெரிந்தால் காற்றோட்டம் போதவில்லை. தாளோடு பறித்துக் கொத்தாக முடிந்து தாழ்வாரத்தில் தொங்கவிட்டதற்கு இந்த நோய் குறைவு. அழுகிய ஒன்றை அன்றாடம் பொறுக்கி எடுக்காவிட்டால் கொத்து முழுக்க இழுத்துக்கொண்டு போகும். முளைத்ததைச் சமையுங்கள், அல்லது தொட்டியில் ஊன்றித் தாளைக் கிள்ளிக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்குக் கூடையின் பக்கத்தில் வைக்கவேண்டாம்.

டப்பாவின் அடி வியர்க்கிறது

பண்டத்தில் தப்பில்லை, வீட்டில் தப்பு. உள்ளங்கையைச் சாமான் அறைச் சுவரில் வைத்துப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் ஈரமா, தரையிலிருந்து ஏறும் ஈரமா? மேலிருந்து என்றால் மொட்டை மாடிக்குப் போங்கள். மழைநீர்க் குழாயின் வாயில் வேப்பஞ்சருகும், போன வருடத்துப் பந்தும், காக்கை கொண்டுவந்த எலும்பும் இருக்கும். சுத்தம் செய்த பிறகு பத்து வாளித் தண்ணீர் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். தளவிரிசலை அடைக்கக் காய்ந்த தளம் வேண்டும், ஐப்பசியில் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பயனில்லை. அந்தக் குழாய் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறது என்றால் தொட்டியின் மணலையும் கல்லையும் இப்போதே அலசுங்கள். 2003இல் சட்டம் வந்தபோது கட்டியதோடு பல வீடுகளில் அந்தத் தொட்டியை யாரும் திறந்ததில்லை.

தரையிலிருந்து ஏறும் ஈரத்தை ஒரு மழைக்காலத்துக்குள் நிறுத்த முடியாது. சாமான்களைத்தான் நகர்த்த வேண்டும். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். உப்பு ஜாடி மட்டும் எப்படியும் கசியும். ஒரு பிடி பச்சரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டுப் பாருங்கள்.

சாமான் அறைக் கதவு மழையில் உப்பிச் சிக்குகிறது என்றால் தச்சரை அழைத்து இழைத்துவிடாதீர்கள். மாசியில் சுருங்கியதும் எலி நுழையும் இடைவெளி விழும். மெழுகுவர்த்தியை விளிம்பில் தேய்த்தால் இந்த மூன்று மாதமும் ஓடிவிடும். முதல் மழைக்குப் பின் ஈசல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். வாசல் விளக்கைத் தேடி வெளியிலிருந்து வந்தால் விளக்கை அணைத்துவிட்டால் தீர்ந்தது. அறைச் சுவரிலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ புறப்பட்டால் கறையான் உள்ளே குடியிருக்கிறது. ஃபிரிட்ஜின் பின்னால் நீர் சொட்டும் தட்டையும் மறக்கவேண்டாம். டெங்குக் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கும்வரை ஒரு வாரம், பத்து நாள் போதும்.

பாதி காய்ந்திருக்கிறது, வானம் மூடிவிட்டது

எல்லோருக்கும் வருடம் ஒருமுறை நேர்வது. மூன்று வெயில் வேண்டிய சுண்டைக்காய் ஒரு வெயில் கண்டதும் மேகம் திரண்டுவிடும். அரைக்காய்ச்சலை மட்டும் டப்பாவில் அடைக்காதீர்கள், இரண்டே நாளில் கொழகொழத்துவிடும். மின்விசிறியின் கீழ் வேட்டியில் பரப்பினால் ஓரிரு நாள் தள்ளும். மின் அடுப்புப் பெட்டி இருந்தால் 60 டிகிரியில், கதவைச் சற்றுத் திறந்து வைத்து, மணிக்கொருமுறை புரட்டிக் காயவைக்கலாம். அதுவும் இல்லை, மின்சாரமும் போய்விட்டது என்றால், சுண்டைக்காயை அப்படியே நல்லெண்ணெயில் வதக்கி, உரித்த சின்ன வெங்காயத்தோடு புளிக்குழம்பில் போட்டுவிடுங்கள். வெளியே மழை கொட்டும்போது சுட்ட அப்பளத்தோடு அதைச் சாப்பிட்டவர்கள், அடுத்த வருடமும் ஒரு கூடை அரைக்காய்ச்சலில் நின்றுவிடாதா என்று வானத்தைப் பார்ப்பதை நான் எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறேன்.